செங்கோட்டை முத்திரை

எங்கள் குற்றாலம் சிப்ஸ் கம்பெனியின் மாதக் கூட்டத்தில் நான்கு பேர் இருந்தோம். கதவோரம் வறுவல் மாஸ்டர் உமாசங்கர், ஜன்னலடியில் பாக்கெட் போடும் இத்ரீஸ், தராசுக்குப் பக்கத்தில் ஸ்ரீமதி, மேசைக்குப் பின்னால் முதலாளியாகிய நான்.

மாதாமாதம் செங்கோட்டைத் தபால் முத்திரையோடு வரும் மொட்டைக் கடிதத்தை வழக்கம்போல் உரக்க வாசித்தேன்.

"ஒன்று: முதலாளி செருப்போடு அடுப்படிக்குள் வருகிறார். இரண்டு: எண்ணெய் மாற்றிய தேதியை யாரும் குறிப்பதில்லை."

எழுந்துபோய்ச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

"எல்லா மாசமும் மொத அடி அண்ணாச்சிக்குத்தான்" என்று சிரித்த உமாசங்கர், சட்டென்று திரும்பினார். "ஏலே இத்ரீஸு, செங்கோட்டையில இருந்து வருதது நீ ஒருத்தன்தான? அண்ணாச்சி, இவன வேலைய விட்டு நிப்பாட்டிருங்க."

இத்ரீஸுக்கு முகம் வெளுத்தது. "அல்லா மேல ஆணையா நான் எழுதல, அண்ணாச்சி."

"இத்ரீஸு பாக்கெட்டுல எழுதுத சீட்டு அவருக்கே வெளங்காது. இவரா எழுதுவாரு?" என்றாள் ஸ்ரீமதி.

"யாரையும் நிப்பாட்டல. தேதிய இன்னைக்கே சுவத்துல குறிங்க" என்றேன். மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவரும் பிடிகொடுக்கவில்லை.

எல்லோரும் போனபின் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆட்களின் குறையை முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல், இரண்டு வருடமாகச் செங்கோட்டைக்குப் போய் இந்தக் கடிதங்களைப் போட்டு வந்தவன் நான். இந்த மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் எழுதவே இல்லை.

தாளை எடுத்தேன்.

"போன மாதம் வரை எழுதியது நான். இந்த மாதம் எழுதியவரைத் தேட மாட்டேன். தொடர்ந்து எழுதுங்கள். முதல் குறை என்னுடையதாகவே இருக்கட்டும்."

முதன்முறையாகக் கீழே பெயரைப் போட்டு, அடுத்த கூட்டத்தில் வாசிப்பதற்காகக் கம்பெனி விலாசமே எழுதி, உறையை ஒட்டிக் குற்றாலம் தபால்பெட்டியிலேயே போட்டேன்.