அளவுகோல் இல்லாத உதை

"கர்த்தருடைய வல்லமைக்கு அளவுகோலே கிடையாது மோளே" என்று ஞானதாசன் கண்களை மூடிக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள், பிசியோதெரபிஸ்ட் ஜினிஷா பையிலிருந்து சின்ன ரப்பர் சுத்தியல் ஒன்றை வெளியே எடுத்துவிட்டாள்.

கட்டிலில் கிடந்த பிரபின் சிரித்தான். மார்த்தாண்டத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். மாடியிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்படியும் கடையை விடாமல் நடத்தியவன், இப்போது ஒரு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"என் மூக்குக்கண்ணாடி சாட்சியாக்கும்" என்றார் ஞானதாசன். "ஆராதனையில இவன் முழங்காலைப் பிடிச்சு அமுக்கி ஜெபிச்சேன். ஒரே உதை. கண்ணாடி பிரசங்க பீடம் வரைக்கும் தெறிச்சுது. சபையே பாத்துது."

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அவர்தான் சபைச் செயலர். அந்த உதையை அவர் மைக்கில் அறிவித்த அழகில் பாதிப்பேர் அழுதுவிட்டார்கள்.

ஜினிஷா முழங்கால் சிரட்டைக்குக் கீழே லேசாகத் தட்டினாள். கால் விருட்டென்று எம்பிப் போர்வையை உதறியது.

"அல்லேலூயா" என்றார் ஞானதாசன்.

பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்தாள். அது தையல் மெஷின் மாதிரித் தானாகவே அடித்துக்கொண்டு, நிற்க மாட்டேன் என்றது.

"நாலு" என்றாள்.

"எத்தனைக்கு?" கணக்கு வாத்தியாருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

"நாலுக்கு நாலு சார்."

"பாத்தியாட்டி ஸ்மைலின், உன் மாப்பிள்ளை முழு மார்க்கு" என்றார் பிரபினின் மனைவியிடம்.

"சார், இதுல முழு மார்க்கு வாங்கப்பிடாது. ரெண்டு வந்தாத்தான் நல்ல காலு. மூளைதான் காலை அடக்கி வைக்கும். அந்த வழி அடைஞ்சு போச்சு. அடக்க ஆளில்லாம காலு துள்ளுது. அண்ணே, பெருவிரலை நீங்களா ஆட்டுங்க பாப்போம்."

பிரபின் பல்லைக் கடித்து ஆட்டினான். கழுத்து நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை.

ஸ்மைலின் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்ப அவிய நடக்க மாட்டாவளா?"

"இந்தத் துள்ளலு அதுக்கு அடையாளம் இல்லக்கா. ஆனா முதுகுல புண்ணு தொடங்கியிருக்கு. இனி இப்படியே படுக்கப்போட்டா ஆபத்து. முன்ன மாதிரி கடைக்குப் போகட்டும். வீல்சேர் எங்க?"

ஸ்மைலின் ஞானதாசனைப் பார்த்தாள்.

"சபை அறுப்புப் பண்டிகைக் காணிக்கை ஏலத்துக்குக் குடுத்தாச்சு" என்றான் பிரபின். "ஏத்தன் வாழைக்குலை, சேனைக்கிழங்கு, நாட்டுக்கோழி, அதுக்கு நடுவுல என் சேரு. நடக்கப்போறவனுக்கு இது எதுக்குன்னு இந்த மாமா மைக்கில கேட்டாவ. எனக்கும் எதுக்குன்னுதான் தோணிச்சு."

"எடுத்தவங்ககிட்ட சொல்லித் திரும்ப வாங்குங்க. ஆரு எடுத்தா?"

"ஏதோ வெளியூர் ஆளு. மாமா, நீங்கதான ஏலம் விட்டிய, ஆளைத் தெரியும்லா?"

ஞானதாசன் எழுந்தார். அன்றைக்கு யாராவது தன் கையிலிருந்து அந்த மைக்கைப் பிடுங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"விசாரிக்கேன் மக்கா" என்றார். பக்கத்தில் நின்ற ஸ்மைலினுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

விசாரிக்க ஒன்றும் இல்லை. நடக்க முடியாத தன் அம்மைக்காக, வெளியூர் மச்சினனை விட்டு அதை ஏலத்தில் எடுத்தவர் ஞானதாசன்தான்.