சத்தம் போடும் கம்ப்ரஸர்

"பாய், இதைவிட சத்தம் ஜாஸ்தியா வேற ஏதாவது இருக்கா?"

மோகனா கேட்டதும் வாஹித் பாஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆம்பூர் பஜாரில் இத்தனை வருஷமாக மெஷின் விற்கிறார். யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"சத்தம் கம்மியா வேணும்னுதானம்மா எல்லாரும் வருவாங்க?"

"அவ கெடக்கறா பாய். நீங்க இந்தச் சின்னதையே பேக் பண்ணுங்க" என்றான் அவள் கணவன் ஹேமந்த்.

அவன் ஷூ கம்பெனியிலிருந்து நின்றுவிட்டான். மாதனூரில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கிறான். தோல் பெல்ட்டுக்கும் பர்ஸுக்கும் ஸ்ப்ரே கன்னில் கலர் அடித்துத் தரும் வேலை. அதற்குக் காற்று தரத்தான் இந்தக் கம்ப்ரஸர். முதல் ஆர்டர் வந்துவிட்டது. இதுவும் நிலைக்கவில்லையென்றால் அவனுக்கு வேறு வழியில்லை.

பாஷா பொறுமையாகச் சொன்னார். "இதுல ஆயில் கெடையாதும்மா. கலர்ல எண்ணெய்ப் புள்ளி விழாது. அதோ கீழ இருக்கே, அது பெல்ட்ல ஓடற மாடல். ஆன் பண்ணா தெருவே எழுந்துரும்."

"புள்ளி விழாம இருக்க தனியா ஃபில்டர் மாட்டிக்கலாம்ல பாய்?"

"மாட்டலாம்."

"அப்ப அதைப் போட்டுக் காட்டுங்க."

போட்டார். தடதடவென்று கடையே அதிர்ந்தது. மோகனா வெளியே போய், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு வந்தாள்.

"இதையே குடுங்க."

ஹேமந்துக்கு முகம் சிவந்தது. "வெல கம்மின்னு பாக்கறா பாய். இன்னாம்மா, சம்பாதிக்கறது நீதான்னு கடையில வந்து காட்டறியா?"

"அதுதான் யோசனைன்னா சின்னதையும் அதே ரேட்டுக்குத் தர்றேன்" என்றார் பாஷா.

"வேணாம் பாய்."

"பக்கத்துல வீடு இருக்காம்மா?"

"ஒரே செவுருதான். ஷஹீன் அக்கா வீடு. நாளெல்லாம் வீட்லதான் இருப்பாங்க."

"பாவம் இல்லையா? அவங்க தாங்க முடியாம புகார் குடுத்தா ஷெட்டையே மூடணும். உன் வீட்டுக்காரர் பொழப்பும் போயிடும்."

"அதை நான் பாத்துக்கறேன்."

"ஒரே பேஜார் பாய் இவளோட. எதையோ குடுங்க." ஹேமந்த் ஆட்டோ பிடிக்க விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

பாஷாவுக்கு பில் போட மனசு வரவில்லை. "தப்பா நெனைக்காதம்மா. கட்டுன புருஷன் பேச்சும் வேணாம், பக்கத்து வீட்டுக்காரங்க கஷ்டமும் வேணாம்னா எப்படி?"

மோகனா வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். குரல் தாழ்ந்தது.

"அவருக்கு ஃபிட்ஸ் வருது பாய். அதனாலதான் கம்பெனில மெஷின்கிட்ட விடல. நான் காலைல கம்பெனி பஸ் ஏறினா சாயந்திரம்தான் வருவேன். அதுவரைக்கும் ஷெட்ல தனியா இருப்பாரு."

பாஷா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஸ்ப்ரே அடிக்க அடிக்க டேங்க்ல காத்து கொறையும், மோட்டார் தானா ஓடும். அவர் கை நின்னா அதுவும் நின்னுடும். ரொம்ப நேரம் சத்தமே வரலன்னா..."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காவலுக்கு ஆள் வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா வேலையே வேணாம்னுடுவாரு. என்னைக் கஞ்சம் புடிச்சவள்னே நெனைச்சிக்கட்டும்."

"சரிம்மா... ஆனா அந்தப் பக்கத்து வீட்டம்மா? தெனமும் இந்தச் சத்தத்தை எப்படித் தாங்குவாங்க?"

"அவங்கதான் பாய் சொல்லி அனுப்புனாங்க. 'எனக்குக் காது கொஞ்சம் மந்தம் மோகனா, செவுத்துக்கு இந்தப் பக்கம் நல்லா கேக்கற மாதிரி பாத்து வாங்கிட்டு வா'ன்னு."