ஜூன் ஐந்தா, மே ஆறா?

இதை எனக்குச் சொன்னவரே இன்னொருவரிடம் கேட்டதுதான்.

பூவிழிக்கு அமெரிக்கக் கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. '05/06, புதன்' என்றிருந்தது. ஜூன் ஐந்து என்று நினைத்து, அதைத் தினசரிக் காலண்டரின் ஆணியிலேயே மாட்டிவிட்டாள்.

"வா தம்பி, இன்னும் ஒரு மாசம் இங்கதான் தொங்கணும்" என்றது காலண்டர்.

"எங்க ஊர்ல மாசம்தாண்ணே முதல்ல. தேர்வு நாளைக்கு, மே ஆறு" என்றது கடிதம்.

"ராகுகாலம் வரைக்கும் என்கிட்ட இருக்கு. எனக்கே தேதி சொல்றியா?"

"கிழமையைப் பாருங்கண்ணே."

காலண்டர் தன் தாள்களைப் புரட்டியது. ஜூன் ஐந்து வெள்ளி. மே ஆறுதான் புதன். உடனே அது, பூவிழி நிமிர்ந்து பார்க்கும்வரை, மின்விசிறிக் காற்றில் அந்தப் புதன்கிழமைத் தாளையே படபடவென்று அடித்துக் காட்டியது.

பிறகு நானும் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களின் பதிவேட்டைப் பார்த்தேன். மே ஆறாம் தேதிப் பக்கத்தில் முதல் கையெழுத்து பூவிழியுடையது.