லைசென்ஸ் உள்ள ஆள்

"அந்தக் களைக்கொல்லிய இனிமே நீங்களே அடிக்கக் கூடாதுண்ணே. சட்டம் மாறிடுச்சு" என்றார் துரைராஜ்.

செஞ்சி கடைத்தெருவில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் அவருக்கு இதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் சண்டைக்கு வந்தார்கள். கன்னியப்பன் மட்டும் முகம் மலர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, தொண்டூரில் புதிதாக நிலம் வாங்கியிருப்பவர்.

"தெரியும்யா. லைசென்ஸ் இருக்கிற ஆளுதான் அடிக்கணும். அப்படி ஒரு ஆளப் புடிச்சிக் குடு."

"எதுக்குண்ணே வம்பு? நாலு ஆள உட்டுக் களையெடுத்துட்டு மல்லாட்டை வெதைங்க."

"ஆளு எங்கய்யா கெடைக்குது?"

"அப்போ வேற மருந்து தரேன். அதுக்கு லைசென்ஸ் வேணாம்."

"எனக்கு இதுதான் வேணும்."

துரைராஜ் குரலைத் தாழ்த்தினார். "சரி, உங்களுக்காக ஒரு கேன் உள்ளேர்ந்து எடுத்துத் தரேன். வெளிய மூச்சு உடாதீங்க."

"இன்னாய்யா நெனச்சிக்கினுகீற? சொந்த மச்சானுக்கே டிக்கெட் போட்டவன் நான். சட்டம்னா சட்டம்!"

துரைராஜுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அனந்தபுரத்துல ஒரு பொண்ணு லைசென்ஸ் வச்சிருக்குது. ரேட்டு ஜாஸ்தி கேக்கும்ணே."

"கேக்கட்டும். என் பேர மட்டும் சொல்லாத. பென்ஷன்காரன்னு தெரிஞ்சா இன்னும் ஏத்திடும்."

அந்த மருந்தை லைசென்ஸ் உள்ளவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அதனால் மறுநாள் காலை கேனோடு தொண்டூருக்கு துரைராஜே போனார். ஸ்கூட்டரின் பின்னால் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டும் மாஸ்க்குமாக வந்தாள் அந்தப் பெண். அவளை அழைத்துக்கொண்டு நிலத்துக்குப் போனார்.

வரப்பில், சலவைச் சட்டையில் நின்றிருந்தார் கன்னியப்பன். அவரைப் பார்த்ததும் அந்தப் பெண் வண்டியை நிறுத்தினாள். மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"நைனா?"

துரைராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கன்னியப்பன் பேச்சையே நிறுத்திவிட்ட மகள் இவள்தானா!

அவள் ஸ்பிரேயரை அவிழ்த்து இறக்கினாள். "எங்க அடிக்கணும்?"

கன்னியப்பன் நிலத்தைக் காட்டினார். துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஒரு புல் பூண்டு இல்லை.

"களையே இல்லையே நைனா?"

"நேத்தே நானே கையால புடுங்கிட்டேன்" என்றார் கன்னியப்பன், கொப்புளம் போட்டிருந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "அந்த விஷத்த நீ தொட வேணாம் தமிழினி. ஊட்டுக்கு வா... மாப்ளையையும் வரச் சொல்லு."