வரிசையில் கடைசிக் குடம்

வெள்ளம் வடிந்ததிலிருந்து தையல்காரிதான் தெருவுக்கே தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றுகிறாள். விடிந்ததும் குடங்கள் வரிசையில் வந்துவிடும். கடைசியில் அவள் தங்கையின் நசுங்கிய குடமும் நிற்கும். குழாய்த் தண்ணீரைக் குடித்து வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தவள் தங்கை. யார் கொண்டுவந்து வைக்கிறார்களோ, தையல்காரி அதையும் நிரப்புவாள். மறுநாள் காலியாக வந்து நிற்கும்.

இன்று குடிநீர் வாரிய அதிகாரி காரில் எழுந்தருளினார். "குழாய்த் தண்ணி சுத்தமாத்தானே இருக்கு? எதுக்கும்மா வீணா விறகை எரிக்கிறீங்க?"

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க. என் தங்கச்சி நம்பிக் குடிச்சா. எங்கே, நீங்க ஒரு வாய் குடிங்க பார்ப்போம்!"

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கு" என்று நழுவியவர், கார்க் கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார்.

வரிசையில் கடைசி இடம் காலி. குடம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது, கலங்கிய குழாய்த் தண்ணீர் தளும்பத் தளும்ப. விருந்தாளிக்குத் தங்கை வைப்பதுபோலவே, அதன் வாயில் ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.