பிளேன் வேண்டாம், தம்பி

"மொதல்ல அந்த பிளேனை எடுத்துடுங்க, தம்பி."

அழகுபாண்டி மவுசிலிருந்து கையை எடுத்தான். திருப்பரங்குன்றத்தில் பிளக்ஸ் கடை போட்ட நாளிலிருந்து, இன்னொரு புலியைச் சேர்க்கச் சொன்னவர்கள்தான் உண்டு. எதையும் எடுக்கச் சொன்னவர் கிடையாது. அதுவும் ஏர்ஃபோர்ஸ்காரருக்கான கண்ணீர் அஞ்சலி பேனரில் பிளேன் வேண்டாம் என்கிறார் இந்தப் பெரியவர்.

"என்ன சார், 'விங் கமாண்டர் ஹாலாஸ்யம், ஏர்ஃபோர்ஸ்'னு போன்ல சொன்னீங்க. பிளேன் இல்லாம எப்படி? கல்யாண பேனர்ல பொண்ணு இல்லாத மாதிரில்ல இருக்கும்."

"அவர் பிளேன் ஓட்டினதே கிடையாது. எஜுகேஷன் ஆபீசர். பிளேன்ல ஏறினாலே வாந்தி எடுப்பார்."

"வாந்தியை நாம போடலையே சார்."

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் திரையைத் தொட்ட விரல் மட்டும் இறங்கவில்லை.

"இந்த உடம்பு யாருது?"

"கூகுள்ல எடுத்தது. நீங்க வாட்ஸ்அப்புல அனுப்புனது அம்புட்டும் பழைய போட்டோ. மூஞ்சி மட்டுந்தான் தெளிவா இருந்துச்சு. மீசையக் கொஞ்சம் வளத்து விட்டிருக்கேன்."

"கழுத்துக்குக் கீழ இவர் அமெரிக்கர், தம்பி. தோள்ல அவங்க கொடி இருக்கு பாருங்க."

அழகுபாண்டி குனிந்து பார்த்தான். இருந்தது.

"அப்புறம் இது என்ன? 'எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய சிங்கமே, இமயமே சாய்ந்ததே...' இதெல்லாம் யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். அடிக்கும்போது அதுவா வந்துருச்சு."

"அவர் அஞ்சடிக்குக் கொஞ்சம் மேல. இமயம் ரொம்ப ஜாஸ்தி. எடுத்துடுங்க."

எடுத்துக்கொண்டே போனால் பேனரில் ஆணி அடிக்கும் ஓட்டை மட்டும்தான் மிஞ்சும் போலிருந்தது அழகுபாண்டிக்கு.

"சார், தப்பா நெனைக்காதீங்க. போய்ச் சேந்த மனுசனைப் பத்தி நாலு வார்த்தை கூடச் சொன்னா என்ன? எவன் வந்து சரிபாக்கப் போறான்?"

"திருமங்கலத்துல ஒரு குடும்பம் வந்து சரிபார்க்கும்." பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவர் ரிட்டையர் ஆனதும் சும்மா இருந்திருக்கலாம். மதுரைச் சீமையிலேருந்து போருக்குப் போனவங்களைப் பத்திப் புத்தகம் எழுத உட்கார்ந்துட்டார். அந்தக் குடும்பத்துல, 'எங்க தாத்தா ஒத்தை ஆளா டாங்கியை நிறுத்தினாரு'ன்னு சொன்னாங்க. இவர் டெல்லி வரைக்கும் போய்ப் பழைய ராணுவ ரெக்கார்டைத் தேடிப் பார்த்துட்டு, தாத்தா முகாம்ல சமையல் பார்த்தார்னு எழுதிட்டார்."

"அய்யய்யோ!"

"அந்தத் தாத்தாவோட சாம்பாரைப் பத்தி உசத்தியா ரெண்டு பக்கம் எழுதியும் சமாதானம் ஆகலை. ரோட்டுல பார்த்தா இன்னிக்கும் மூஞ்சியைத் திருப்பிப்பாங்க. இப்படி ஊர்ல பாதிப் பேரோட பெருமையைத் திருத்தின ஆளுக்கு, அவரோட பேனர்லயே ஒரு பொய் இருந்தா? 'இம்புட்டுத்தானா உன் சரித்திரம்'னு கேட்க மாட்டாங்களா? ஒரு பிளேன், தம்பி. அந்தப் புத்தகம் முழுக்கப் புளுகுன்னு ஆயிடும். வாழ்நாள் வேலை போயிடும்."

அழகுபாண்டி திரையில் இருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"லேசா உங்க ஜாடை அடிக்குதே சார். கூடப் பொறந்தவரா?"

"கூடவே பிறந்து கூடவே வளர்ந்தோம். சாப்பாடுகூட ஒரே தட்டுலதான்."

அழகுபாண்டியின் குரல் இறங்கிவிட்டது. "அது தெரியாம வாந்தி கீந்தின்னு பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க சார்."

"பரவாயில்லை. அவருக்கு அந்த ஜோக் பிடிக்கும்."

"சரி, அப்ப என்னதான் போட? வெறும் வாத்தியார்னு போட்டா நின்னு படிப்பாங்களா? மொதல்ல, ஏர்ஃபோர்ஸ்ல வாத்தியாருக்கு என்ன சார் வேலை?"

"பிளஸ் டூ முடிச்ச கையோட பசங்க ஏர்மேனா, சிப்பாய் மாதிரி, வந்து சேருவாங்க. பகல் பூரா இன்ஜினோட மல்லுக்கட்டிட்டு, டிகிரி படிக்கணும்னு சாயங்காலம் வந்து உட்காருவாங்க. பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிடுவாங்க. எழுப்பி எழுப்பிப் பாடம் நடத்தணும். அதுல சிலர் ஆபீசராவே ஆகி, எதிர்ல வந்து சல்யூட் அடிப்பாங்க. அப்போ மட்டும் இவர் இமயம்தான்."

அழகுபாண்டி திரையை விட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினான்.

"எங்கக்கா மகன் சூரியபிரகாஷ் இப்பத்தான் சார் ஏர்மேனா சேந்திருக்கான். மேல படிக்காமப் போயிட்டானேன்னு எங்கக்கா வாடிப்பட்டியில உக்காந்து அழுதுக்கிட்டே இருக்கு."

"அழ வேண்டாம்னு சொல்லுங்க. அங்கேயும் ஒரு வாத்தியார் இருப்பார். இழுத்துப் பிடிச்சு உட்கார வெச்சுடுவார்."

அழகுபாண்டி நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டான். பிளேன் போனது. அமெரிக்கர் போனார். சிங்கம் போனது. வளர்த்துவிட்ட மீசை பழைய அளவுக்கு வந்தது. புத்தகத்தின் பேரைக் கேட்டுப் போட்டுவிட்டு, அதற்கு மேலே தானாகவே ஒரு வரியை அடித்தான்: 'விமானப்படை வீரர்களுக்குப் பாடம் சொன்ன வாத்தியார்.'

"இது உண்மைதானே சார்?"

"உண்மைதான்."

"அப்ப எழுத்தை நல்லாப் பெருசாவே வைக்கிறேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் தூசு இருந்ததாகத் தெரியவில்லை.

"பிறந்த தேதி போட்டாச்சு," என்றான் அழகுபாண்டி. "மறைவு தேதியை மட்டும் சொல்லுங்க சார், பிரிண்ட் போட்டுரலாம்."

"அதுக்குத்தான் எனக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கலை, தம்பி. காலியா விடுங்க. கிடைச்சதும் என் பையன் வந்து எழுதிப்பான்," என்றார் விங் கமாண்டர் ஹாலாஸ்யம்.