கப்பல் நிற்கும் இடம்

"வடக்கே நாப்பது டிகிரின்னு காட்டுதாக்கா?"

"காட்டுதுடா."

கண்களில் கட்டோடு சிவராம் படுக்கையிலிருந்து வழி சொல்ல, அக்கா ஸ்ரீஜா கம்ப்யூட்டர் விளையாட்டில் விண்கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தாள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. கட்டைப் பிரித்ததும் பார்வை திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதாக அவள்தான் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"இப்ப கிழக்கே பதினேழு டிகிரி வார வரைக்கும் திருப்பு. வந்ததும் வேகத்தைக் குறைச்சு எறக்கு. ஆக்சிடென்டுக்கு முந்துன நாள் என் இன்னொரு கப்பலை அங்கதான் விட்டுட்டு வந்தேன்."

எண்கள் இரண்டும் பொருந்தின. கப்பல் அந்தக் கிரகத்தின் தரையைத் தொட்டது. ஸ்ரீஜா நாலாபக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் சிவப்புப் பாறை.

"என் கப்பல் நிக்குதாக்கா?"

கட்டுப் போட்ட முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"நிக்குதுடா. லைட்டுகூட எரியுது."

சிவராம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான்.

"அந்த நம்பர் நான் இப்ப சும்மா சொன்னதுக்கா. அங்க நான் எறங்குனதே இல்ல."

ஸ்ரீஜாவின் கை கீபோர்டிலேயே நின்றது.

"இப்பச் சொல்லு. டாக்டர் ஒன்கிட்ட என்ன சொன்னாரு?"